சுப்புவுக்குத் தெரியாமல்

கொஞ்சம் முன்னால சாஞ்ச மாதிரி உட்காரு தங்கச்சி, உனக்குப் புண்ணியமாப் போகும். நீ நல்ல உயரம், மறைக்கிறதுக்கு வசதி. அந்தத் துப்பட்டாவையும் தோள்ல லேசா விரிச்சு விடு. ம், போதும். இனி அவன் திரும்பினாலும் நான் தெரிய மாட்டேன்.

பயந்துராதே, திருட்டுக் கேஸ் எல்லாம் இல்ல. முன்னால பாரு. டிரைவருக்குப் பின்னால, நீலக் கட்டம் போட்ட சட்டை, தலையில எண்ணெய் வழிய வாரி விட்டிருக்கில்ல, அது என் மகன். பேரு ராமசுப்பு. இருபத்தெட்டு வயசாச்சு. பாத்ததுமே உனக்குப் புரிஞ்சிருக்கும். பிறக்கும்போதே அப்படித்தான். டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னாரு, கவர்மெண்ட் ஒரு பேர் வச்சிருக்கு, சொந்தக்காரங்க ஒரு பேர் வச்சிருந்தாங்க. நான் சுப்புன்னு கூப்பிடுறேன்.

அவன் வேலைக்குப் போறான். தனியா. தனியாத்தான் போறான், நான் பின்னால வர்றது அவனுக்குத் தெரியாது. அவன் முன் வாசல்ல ஏறுவான். அவன் உட்கார்ற வரைக்கும் பாத்துட்டு, நான் முக்காட்டைப் போட்டுக்கிட்டுப் பின் வாசல்ல ஏறிருவேன். பொம்பளைகளுக்கு டவுன் பஸ் இலவசம்னு விட்டாங்கள்ல, அதை என்னை மாதிரி அனுபவிக்கிறவ இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டா. காலையில இப்படி, சாயந்தரம் அப்படி. அவன் இறங்கினதுக்கு அடுத்த ஸ்டாப்பு, கரிசலூருக்கு ரோடு பிரியுற விலக்கு, அங்க இறங்கி ஒரு டீயைக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ல வீட்டுக்குத் திரும்பிருவேன். எனக்குக் கரிசலூர்ல ஒரு வேலையும் கிடையாது. அந்த ஊர் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட நான் பாத்ததில்ல.

இந்தக் கண்டக்டர் தம்பி இருக்காரே, தங்கமான பிள்ளை. எங்க இறங்கணும்னு என்னைக் கேக்கவே மாட்டாரு. விலக்கு வந்ததும், 'அக்கா, மெதுவா இறங்குங்க, அவசரமே இல்ல'ம்பாரு. நான் தரையில கால வச்சு நிமிர்ந்தப்புறம்தான் விசிலு. இந்தக் காலத்துல யாரும்மா அப்படிப் பண்றாங்க? என் போட்டோ பேப்பர்ல வந்துச்சு, அதான் அந்த மரியாதை. நானே சொல்லிக்கக் கூடாது, இருந்தாலும் சொல்றேன், இந்தப் பஸ் என் மகன் வேலை பாக்குற இடத்துல நிக்குதுன்னா அது என்னாலதான். என்னாலயும் இன்னும் சில பேராலயும்.

மில் கேட் ஸ்டாப்புக்கும் விலக்குக்கும் நடுவுல, நாலு வழி ரோட்டோரமா ஒரு தொழிற்கூடம் இருக்கு. இவனை மாதிரிப் பிள்ளைங்க அங்க துணிப்பை தைக்கும், ஃபினாயில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும். பிள்ளைங்கன்னா, நாற்பது வயசு ஆளுங்களும் இருக்காங்க, தலை நரைச்சவங்களும் இருக்காங்க. நாங்க பிள்ளைங்கன்னுதான் சொல்லுவோம், வாய்ப் பழக்கம். சுப்பு லேபிள் ஒட்டுறான். கோணலா ஒட்டிட்டா அன்னிக்கு அவனுக்குச் சோறு இறங்காது. சம்பளம் கொஞ்சம்தான். ஆனா அந்தக் கவரைக் கொண்டாந்து அப்பா கையில குடுக்கிற தோரணையைப் பாக்கணுமே, மில்லையே விலைக்கு வாங்கிட்டு வந்த மாதிரி.

அப்பல்லாம் பஸ் அங்க நிக்காது. எங்க வீட்டுக்காரர்தான் மொபெட்ல கொண்டு விடுவாரு. போன வருஷம் மாசி மாசம் அவருக்குச் சர்க்கரையால கண்ணு மங்கிப் போச்சு, வண்டியைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. மில் கேட்டுல இறங்கி நடக்கலாம்னா, உரசிக்கிட்டு லாரி போற ரோடு. சரி, இவன் வீட்டுலயே இருக்கட்டும்னு நான்தான் முடிவு பண்ணினேன். அவன்கிட்டக் கேக்கல. கேக்கணும்னு தோணவும் இல்ல.

ஆனா அவன் தினமும் காலையில குளிச்சு, சட்டையை மாட்டி, தூக்குவாளியை எடுத்துக்கிட்டு வாசல் கேட்டுல போய் நின்னுருவான். 'லீவுடா'ம்பேன். 'சரி'ம்பான். உள்ள வந்து தூக்குவாளியைத் திறந்து, மத்தியானச் சோத்தைக் காலையிலேயே சாப்பிட்டுருவான். மறுநாளும் போய் நிப்பான். மறுபடியும் லீவும்பேன், மறுபடியும் சரிம்பான். சண்டை போட்டாக்கூடத் தாங்கியிருப்பேன் தங்கச்சி. அந்தச் சரியைக் கேக்க முடியல.

அதுக்கப்புறம்தான் நான் அரசியல்ல இறங்கினேன்.

சிரி, சிரி. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. முதல்ல டெப்போவுக்குப் போனேன். அங்க இருந்த மேனேஜர் நல்லவிதமாத்தான் பேசினாரு. 'ஸ்டாப் குடுத்தா உங்க மகன் தனியா வந்து போவாராம்மா? கூட ஆள் வேணும்னா கண்டக்டர் பொறுப்பு எடுக்க முடியாது'ன்னாரு. 'தனியாப் போவான் சார். ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், பாஸைக் காட்டத் தெரியும். நான் ஒருநாளும் கூட வர மாட்டேன்'னு அவர் மேஜை மேல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்தேன். அடிச்ச வேகத்துல அவர் தண்ணி டம்ளர் கவுந்து போச்சு.

அப்புறம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். அதுக்கு நான் சுப்புவைத் தயார் பண்ணினேன் பாரு, அதைக் கேளு. இவன் சிரிச்ச மூஞ்சி. யாரைப் பாத்தாலும் பல்லைக் காட்டிருவான். குறை சொல்லப் போற இடத்துல இப்படிச் சிரிச்சா யாரு நம்புவா? வீட்டுல நிலைக்கண்ணாடி முன்னால நிறுத்தி, 'உம்முனு இரு, தலையைக் குனி, அம்மா அழுறப்ப நீ என்னைப் பாக்காதே'ன்னு பழக்கினேன். நல்லாத்தான் பழகினான். நானும் வரிசையில நிக்கிறப்பவே கண்ணைக் கசக்கி ரெடியாகிட்டேன். எங்க முறை வந்துச்சு. வாயைத் திறந்து, 'ஐயா, இந்தப் பாவப்பட்ட பிள்ளை...'ன்னு ஆரம்பிக்கிறேன், இவன் நிமிர்ந்து பெரிய அதிகாரியைப் பாத்து, 'வணக்கம் சார், சாப்பிட்டீங்களா?'ங்கிறான். அவர் சிரிச்சுட்டாரு. 'இன்னும் இல்லப்பா, நீ சாப்பிட்டியா?'ன்னாரு. 'இட்லி'ன்னான். அந்த அறையே சிரிக்குது. நடுவுல நான் மட்டும் அழுதுக்கிட்டு நிக்கிறேன், கல்யாண வீட்டுல ஒப்பாரி வச்ச மாதிரி. வெளிய வந்து அவனை நல்லா வைதேன். 'நீ சிரிச்சே, காரியம் கெட்டுப் போச்சு'ன்னேன். அதுக்கும் சரின்னான்.

பரிசீலிக்கிறோம்னு பதில் வந்துச்சு. பரிசீலிச்சுக்கிட்டே இருந்தாங்க.

அந்தச் சமயத்துல எங்க ஏரியா கட்சிக்காரர் ஒருத்தருக்குப் பிறந்தநாள். நலத்திட்ட உதவி குடுக்கிறாங்க, அங்க சொன்னா நடக்கும்னு யாரோ சொன்னாங்க. மேடை ஏறி, அவர் காதுக்குள்ள, 'ஐயா, பஸ்ஸு'ன்னேன். மேளச் சத்தத்துல என்ன விளங்குச்சோ, சக்கர நாற்காலியைத் தள்ளிட்டு வந்துட்டாங்க. நடக்கிற பிள்ளைக்குச் சக்கர நாற்காலி. போட்டோக்காரர் வேற, 'உட்காருங்க தம்பி, உட்காருங்க'ங்கிறாரு. மறுத்துப் பேச எனக்குக் கூச்சம். சுப்பு ஜாலியா உட்கார்ந்து கையை ஆட்டினான். இப்ப அது மொட்டை மாடியில கிடக்கு. வத்தல் காயப் போட ரொம்ப வசதி, வெயில் நகர நகரத் தள்ளிக்கலாம்.

அப்பத்தான் தேவசகாயம் சார் வந்து சேந்தாரு. தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, அவர் மகளும் சுப்புவோட தொழிற்கூடத்துலதான் பை தைக்கிறா. நூர்ஜஹான் அக்காவும் வந்தாங்க, அவங்க மகனும் இவனும் ஒரே மேஜை. 'ஒருத்தராப் போனா மனுவை வாங்கி வைப்பாங்கம்மா, கூட்டமாப் போனா நாற்காலி போடுவாங்க'ன்னாரு சார். எலெக்ஷன் வேற நெருங்கிருச்சு. சரின்னு எல்லா அம்மா அப்பாவும் சேந்து வட்டச் செயலாளர் பால்ராசு வீட்டுக்குப் போனோம். நிஜமாவே நாற்காலி போட்டாங்க. டீயும் வந்துச்சு.

நான்தான் பேசினேன். வேற யாரு பேசுவா? 'எங்க பிள்ளைங்களுக்கும் உரிமை இருக்கு, அவங்களும் இந்த நாட்டுக் குடிமக்கள்தான்'னு சார் எழுதிக் குடுத்ததை நெட்டுருப் பண்ணி விளாசிட்டேன். பால்ராசு பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, 'உங்க வீட்டுல எத்தனை ஓட்டுக்கா?'ன்னாரு.

'ரெண்டு.'

'தம்பிக்கு?'

'அவனுக்கு எதுக்குங்க ஓட்டு?'

நூர்ஜஹான் அக்காவைப் பாத்தாரு. மகனுக்கு இல்ல. சாரைப் பாத்தாரு. சார் தன் செருப்பைப் பாத்தாரு. அங்க வந்திருந்த ஒரு வீட்டுலகூட பிள்ளை பேரை ஓட்டர் லிஸ்ட்ல சேத்து வைக்கல. பால்ராசு டீயை உறிஞ்சிக்கிட்டே, 'அப்ப ஓட்டு இல்லாத ஆளுங்களுக்குப் பஸ்ஸை நிப்பாட்டித் தரச் சொல்றீங்க'ன்னாரு. கேலி பண்ணல தங்கச்சி, கணக்குக் கேக்குற மாதிரிதான் கேட்டாரு. நாங்க டீயைக் குடிச்சோம். இனிப்பே இல்லாத மாதிரி இருந்துச்சு.

இவங்களுக்கெல்லாம் ஓட்டு கிடையாதுன்னு நான் எங்கயோ கேட்டிருந்தேன். எங்கன்னு கேட்டா எனக்கே தெரியாது. சார் போய் விசாரிச்சுட்டு வந்தாரு. கோர்ட்டு பாத்து, இவருக்குச் சித்தம் சரியில்லன்னு சொன்னாத்தான் ஓட்டு இல்லையாம். எங்க பிள்ளைங்களைப் பத்தி எந்தக் கோர்ட்டும் எதுவும் சொல்லல. நாங்களேதான் தீர்ப்புச் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தோம். பெத்தவங்களை விடப் பெரிய கோர்ட்டு உண்டா?

அப்புறம் தெருத்தெருவாப் போனோம். ஓட்டுச் சேக்கணும்னு கதவைத் தட்டினப்பத்தான், அந்த வீட்டுல அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதே சில இடத்துல எங்களுக்குத் தெரிஞ்சுது. பின்கட்டுல ஒரு பொண்ணு, என் வயசு இருக்கும், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அத்தனை வருஷமா நான் அந்த வழியாக் காய்கறி வாங்கப் போயிருக்கேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. சுப்புவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

பேரெல்லாம் சேந்தப்புறம் வேடிக்கையைப் பாரு. எங்க தெருவுக்குள்ள எட்டிக்கூடப் பாக்காத ஜீப்பு வந்து நின்னுச்சு. ஒரு கட்சி, 'பஸ் நிக்கும்'னுச்சு. அடுத்த கட்சி, 'நின்னே தீரும்'னுச்சு.

ஓட்டுப் போடுற அன்னிக்கு நான் சும்மா இருப்பேனா? எந்தச் சின்னம்னு நான் முடிவு பண்ணி, காலண்டர் பின்னால வரைஞ்சு, ஒரு வாரமா இவனை அமுக்கச் சொல்லிப் பழக்கியிருந்தேன். வாக்குச்சாவடியில ஒரு டீச்சரம்மா, 'இவருக்குத் துணை வேணுமா?'ன்னு கேட்டாங்க. நான் 'ஆமா'ங்கிறதுக்குள்ள இவன் 'வேண்டாம்'ன்னான். அந்தம்மா என்னைப் பாக்கல. அவனைப் பாத்து, 'நீங்களே போட்டுருவீங்களா சார்?'னு கேட்டாங்க. சார். என் மகனைச் சார்னு அதுக்கு முந்தி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. அட்டைக்குப் பின்னால போனான். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. என் உயிர் என்கிட்ட இல்ல. அப்புறம் பீப்னு நீளமா ஒரு சத்தம். மை வச்ச விரலைத் தூக்கிக்கிட்டே வெளிய வந்தான்.

'அம்மா சொன்னதுலதானடா போட்டே?'ன்னேன்.

'சொல்லக் கூடாது'ன்னான்.

யாரு சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல. சாத்தூர் சேவு வாங்கிக் குடுத்துக் கேட்டேன். சேவைத் தின்னுட்டு, 'சொல்லக் கூடாது'ன்னான். இன்னி வரைக்கும் தெரியாது தங்கச்சி. ஜெயிச்சவர்கிட்டப் போய், 'எங்க வீட்டு மூணு ஓட்டும் உங்களுக்குத்தான்'னு அளந்து விட்டேன். என் ஒரு ஓட்டுக்குத்தான் என்னால பொறுப்பு ஏத்துக்க முடியும். எங்க வீட்டுக்காரரையும் நம்புறதுக்கில்ல.

ஜெயிச்சவங்களைச் சும்மா விடல. வாரா வாரம் போய் உட்கார்ந்தோம், ஆபீஸ் வாட்ச்மேன் எங்களைப் பாத்தாலே தண்ணி கொண்டாந்து வைக்கிற அளவுக்கு. கடைசியில உத்தரவு வந்துச்சு. ஸ்டாப் திறப்பு விழா. பந்தல், மைக்கு, கொடி, தோரணம். 'சமூகப் போராளி பரமேஸ்வரி அம்மா'ன்னு மைக்ல கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. பேப்பர்ல வந்தது அந்தப் போட்டோதான். பிள்ளைங்க எல்லாம் கீழ வெயில்ல வரிசையா நின்னுக்கிட்டிருந்தாங்க. சரியா அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்துச்சு. நிப்பாட்ட வந்த டிரைவருக்கு இடமே இல்ல, ஸ்டாப்பு முழுக்கக் கட்சிக்காரங்க காருதான். ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாரு. சுப்பு கீழ இருந்து, 'அம்மா, நிக்கலம்மா, போயிருச்சு'ன்னு கத்துறான். நான் 'இருடா'ன்னு சொல்லிட்டுப் போட்டோவுக்குப் பொன்னாடையைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்.

மறுநாள்லேர்ந்து நின்னுச்சு. இப்ப வரைக்கும் நிக்குது.

பஸ் நின்ன முதல் நாள் காலையில அவன் கூடவே நானும் சேலையை மாத்திக்கிட்டுக் கிளம்பினேன். கேட்டுல நின்னு, 'நீ வேண்டாம். நான் போயிருவேன்'ன்னான். அவங்க அப்பா, 'டெப்போவுல மேஜையில அடிச்சியே'ன்னாரு. சரிதான். ஆனா மேஜையில அடிக்கிறது வேற, பிள்ளையை ரோட்டுல விடுறது வேற. ஊரெல்லாம் போய், 'என் மகன் தனியாப் போவான், அவனை நம்புங்க'ன்னு சண்டை போட்டேனே தவிர, நான் நம்பினேனான்னு யாரும் கேக்கல. நல்லவேளை கேக்கல. அதான் இந்த முக்காடு. இவ்வளவு நாளாச்சு, ஒரு தடவைகூட என்னைக் கண்டுபிடிக்கல அவன். நான் அவ்வளவு உஷாரு.

இரு இரு, அவன் ஸ்டாப்பு வந்துருச்சு. நான் குனிஞ்சுக்கிறேன். நீ அசையாதே. எந்திரிச்சுட்டானா? டிரைவருக்கு ஒரு சல்யூட் வச்சிருப்பானே. வச்சானா? இறங்கிட்டானா? ரோட்டை விட்டுத் தள்ளி நின்னுக்கிட்டானா? நல்லது. பஸ் நகர்ந்ததும் இந்தப் பக்கமாப் பாத்துக் கையை ஆட்டுவான். ஆட்டுறானா? தினமும் ஆட்டுவான். பின் வாசல்ல கண்டக்டர் நிப்பாருல்ல, அவருக்குத்தான்.

ஸ்ஸ்... நிமிரலாம். முதுகுதான் பிடிச்சுக்குது.

என்ன கண்டக்டர் தம்பி? அடடா, நாளையிலேர்ந்து வேற ரூட்டா? எங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்கும்பா. வர்றவர் எப்படிப்பட்டவரோ... அவர்கிட்டயும் சொல்லிட்டீங்களா? என்னன்னு? விலக்குல என்னை மெதுவா இறக்கி விடணும்னா? எதுக்குப்பா, நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா, பேப்பர்ல ஏதோ ஒரு போட்டோ... எந்தப் போட்டோவா? நீங்க பாக்கலையா?

பின்ன யாரு சொன்னா?

சுப்புவா?

தங்கச்சி, கேட்டியா இவர் சொல்றதை? முதல் நாளே இவர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கானாம். 'பின்னால முக்காடு போட்டுக்கிட்டு இருக்கிறது எங்கம்மா. அதுக்குத் தனியாப் போகப் பயம். விலக்குல இறங்கும். பாத்து மெதுவா இறக்கி விடுங்க, அது இறங்குறதுக்குள்ள விசில் அடிச்சுராதீங்க'ன்னு. நேத்துச் சாயந்தரம் இவர் ரூட்டு மாறுறேன்னு சொன்னதும், 'புதுசா வர்றவர்கிட்டயும் சொல்லிருங்க சார்'னானாம்.

இவர்கிட்ட ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கான். நான் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பேன், எத்தனை பேர் முன்னால அழுதிருப்பேன். இவன் அழுதிருக்க மாட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டிருப்பான். 'சாப்பிட்டீங்களா'ன்னு முதல்ல விசாரிச்சிருப்பான். என் மகன் எனக்காகப் பேசியிருக்கான் தங்கச்சி. எனக்கு என்னமோ பண்ணுது. இல்ல, தண்ணி வேண்டாம்.

இந்த முக்காட்டை எடுத்திரட்டுமா? வேர்க்குது.

நாளைக்கா? நாளைக்கு வரணும்தான். புதுக் கண்டக்டராச்சே, அவன்கிட்ட எப்படி நடந்துக்கிறாருன்னு ஒரு நாளாவது பாக்க வேண்டாமா? ஒரு நாள்தான். சரி, ரெண்டு நாள்.

விலக்கு வந்துருச்சு. காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோ. இல்லம்மா, கையைப் பிடிக்க வேண்டாம், நான் மெதுவாத்தான் இறங்குவேன். அப்படித்தான் சொல்லி வச்சிருக்கான் என் மகன்.